சத்தம் வராமல் பார்த்துக்கொண்டவர்

நடந்தவை இந்த வரிசையில் நடந்தன.

1. என்னுடைய கணினிக்குள் இருந்த இரண்டு விசிறிகளும் பழுதாகிச் சத்தம் போடத் தொடங்கின.
2. சத்தத்தை நிறுத்துவதற்காக மாமா ஒன்றுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். மற்றதன் வயரைப் பிடுங்கினார்.
3. கணினி சூடேறித் தானாக அணையத் தொடங்கியது.
4. கண் கிளினிக்குக்காகக் கண்டிக்குப் போன மாமாவிடம் புதிய விசிறிகள் வாங்கிவரச் சொன்னேன். வாங்கினார். அவற்றோடு பஸ் ஏறினார்.
5. வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் விசிறிகள் இல்லை.
6. அந்த விசிறிகளைக் கையில் வைத்திருந்ததற்காக, அதே பஸ்ஸில் வந்த வேறொருவரை மாத்தளைக்கு வெளியே இருந்த சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனார்கள்.
7. மாமா கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். கத்தரிக்காய்ப் பால்கறி நன்றாக இருப்பதாக அத்தையிடம் சொன்னார்.

ஏழாவதை எழுதும்போது என் கை இப்போதும் வேகமாகப் போகிறது. ஆகவே இனி மெதுவாக எழுதுகிறேன்.

மாமா என்பவர் என் அப்பாவின் அக்காவுடைய கணவர். மாத்தளை நகரத்தில் மிளகும் கிராம்பும் கொக்கோவும் வாங்கி விற்கும் ஒரு களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்தார். எங்கள் வீடு கலேவெலயில். மாத்தளையில் நான் கணினி டிப்ளோமா படித்த காலம் யுத்தத்தின் கடைசி வருடங்கள். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்தது, வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். தினமும் போய்வர வேண்டாம், இங்கேயே தங்கட்டும் என்று முதலில் சொன்னவர் மாமாதான். அப்பா தயங்கினார். மாமா கலேவெலக்கே வந்து, தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "ரூம் ஒண்ணு சும்மாதான கெடக்குது, மச்சான்" என்றார். அதற்கு மேல் வாதாடவில்லை. அடுத்த வாரமே என் பெட்டியையும் கணினியையும் ஒரு தெரிந்தவருடைய வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். என்னைப் படிக்க வைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. இதை நான் மறைக்கப் போவதில்லை.

அந்த வீட்டில் சத்தம் கிடையாது. கதவுக் கீல்களுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார். தேங்காய் துருவும் பலகைக்குக் கீழே மடித்த சாக்கு இருக்கும். பிரஷர் குக்கர் ஒன்று கல்யாணப் பரிசாக வந்தது, விசில் அடிக்கும் என்பதால் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. வானொலியில் தமிழ்ச் செய்தி போகும்போது அவர் அதன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். வீதியில் யாராவது நடந்துபோனால் விரல் தானாகவே குமிழுக்குப் போகும். அந்த ஆள் போகும்வரை செய்தி வாசிப்பவர் வாயசைப்பது மட்டும்தான் மிச்சம் என்று அத்தை கேலி செய்வார். மாமாவுக்குச் சிரிப்பு வந்தாலும் சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

"வெளிய கேக்கும்." இதுதான் அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. நான் போனில் அப்பாவோடு பேசினாலும், அத்தை பூனையைத் திட்டினாலும், மழைநாளில் நான் தும்மினாலும் இதையே சொல்வார்.

"தும்மல்ல தமிழ் தும்மல், சிங்களத் தும்மல்னு இருக்கா மாமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "எதுக்கு வம்பு" என்றார்.

எல்லாச் சத்தத்தையும் அடக்கினார் என்று சொல்லவும் முடியாது. கிரிக்கெட்டில் இலங்கை ஜெயித்தால் எங்கள் ஒழுங்கையில் முதல் பட்டாசு மாமாவுடையது. அதற்கென்று ஒரு கட்டு எப்போதும் அலுமாரிக்கு மேலே தயாராக இருக்கும். அவருக்குக் கிரிக்கெட் தெரியாது. எத்தனை பேர் விளையாடுவார்கள் என்று ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கிறார். சுதந்திர தினத்தில் கொடி ஏற்றுவதிலும் அவர்தான் முந்துவார். எந்த நேரத்தில் பேசாமல் இருந்தால் வெளியே கேட்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சிங்களம் அவருக்குச் சுத்தமாக வரும். பஸ்ஸில் சிங்களப் பத்திரிகைதான் வாசிப்பார். அத்தையை வெளியூருக்குக் கூட்டிப் போகும்போது தன் கைக்குட்டையை நனைத்து, அத்தையின் பொட்டைத் துடைத்துவிடுவார். அத்தனை மென்மையாகத் துடைப்பார். பார்த்தால் ஏதோ கொஞ்சுவது போலத்தான் இருக்கும். அத்தை முகத்தை ஏந்திக்கொண்டு நிற்பார். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இருவர் மேலும் அன்பு வருகிறது. அடுத்த நிமிடமே, அவருடைய கையைத் தட்டிவிட வேண்டும் போலவும் இருக்கிறது.

காரணம் இல்லாமல் இல்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அவர் வேலை செய்த கடையை எரித்தார்கள். அத்தையும் அவரும் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் அரிசிக் கடை மாடியில் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்கள். கீழே ஆட்கள் வந்து கேட்டபோது மாமா அத்தையின் வாயைப் பொத்திக்கொண்டாராம். "எனக்கு இருமலே வரல, வந்துருமோன்னு அவருக்குப் பயம்" என்று அத்தை சொன்னார். நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக இதை இங்கே எழுதுகிறேன். இது போதுமான காரணம் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

இனிக் கணினி.

அது பழைய பெட்டி. பின்பக்கம் பவர் சப்ளைக்குள் ஒரு பெரிய விசிறி, உள்ளே புரொசசருக்கு மேல் ஒரு சிறிய விசிறி. இரண்டும் உள்ளே உள்ள சூட்டை வெளியே தள்ளுபவை. அச்சுக்குள் இருக்கும் மசகு காய்ந்துபோனால் விசிறி ஆடும், உரசும், கத்தும். காலையில் போட்டவுடன் பெரியது முனகும். கொஞ்ச நேரத்தில் சிறியது அதற்கு மேல் கீச்சென்று எழும். கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவதைத் தவிர அதற்கு வேறு வைத்தியம் இல்லை. எனக்கு அது தெரியும். கண்டியில்தான் கிடைக்கும், அடுத்த முறை போகும்போது வாங்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன்.

மாமா அதுவரை காத்திருக்கவில்லை. முதலில் பெட்டிக்குக் கீழே துவாயை மடித்து வைத்தார். பிறகு பின்பக்கம் ஒரு தலையணையைச் சாய்த்தார். காற்று வெளியே போகும் வழி அதுதான் என்று நான் எடுத்தேன். மறுநாளும் அது அங்கே இருந்தது. நான் கல்லூரிக்குப் போயிருந்த ஒரு நாள், கீலுக்கு விடும் அதே தேங்காய் எண்ணெயைப் பெரிய விசிறியின் நடுவில் விட்டார். இரண்டு நாள் சத்தம் இல்லை. பிறகு மழை வந்தது. மாத்தளையின் விடியற்காலைக் குளிரில் போத்தலில் இருக்கும் எண்ணெயே உறையும். விசிறிக்குள் இருந்ததும் தூசியோடு சேர்ந்து களிம்பாக இறுகி, இறக்கைகள் அசையவே மறுத்தன. மாமா மனம் தளரவில்லை. அடுத்த தடவை சிறிய விசிறியின் வயரைப் பிடுங்கி, ஆடாமல் இருக்க வெள்ளை நூலால் அழகாகக் கட்டியும் வைத்தார்.

நான் இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்தை எழுதிக்கொண்டிருந்தபோது திரை இருண்டது. மூடியைக் கழற்றினேன். அந்த நூல் முடிச்சைப் பார்த்தேன்.

"மாமா, இது சூடாகித்தான் நின்னுடுச்சு. இன்னும் கொஞ்சம் போனா எரிஞ்சிருக்கும்."

"சத்தம் போடாமத்தான நின்னுச்சு?" என்றார். உண்மையாகவே ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னார்.

கண்டிக்குப் போகும் அன்று அவர் கையில் அளவும் வகையும் எழுதிய துண்டைக் கொடுத்தேன். கடைக்காரர் அவர் கேட்டதைச் சரியாகவே கொடுத்திருக்கிறார். இரண்டு விசிறிகளையும் ஒரு மெல்லிய பொலித்தீன் பையில் போட்டார். சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக வயர்கள் வெளியே தெரிந்தன. மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்குப் போகும் பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர்.

மத்தியானம் மாமா வீட்டுக்கு வந்தபோது நான் ஸ்குரூ டிரைவரைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

"ஃபேன் கெடைச்சிச்சா மாமா?"

"இல்ல புள்ள. ஸ்டொக் இல்லையாம்."

சாப்பிட்டார். தூங்கினார். பிற்பகலில் அடுத்த வீட்டு முஸ்லிம் ராத்தா பின்கதவால் வந்தார். அவருடைய கணவருக்குச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் தேநீர்க் கடை.

"செக் பொயின்ட்ல ஒரு ஆள புடிச்சிருக்காங்க. தேயிலைத் தோட்டத்து ஆளாம். குண்டு கொண்டு போனானாம்."

"குண்டா?" என்றார் அத்தை.

"எங்கட மனுசன் கண்ணால கண்டாராம். ரெண்டு சின்ன காத்தாடி. ஒண்ணுல இரும்புக் கட்டி ஒட்டியிருந்திச்சாம். கலர் கலரா வயர். அந்த ஆளுக்கு அது என்னண்டே சொல்லத் தெரியல. வேற யாரோட சாமானாம். யாரு நம்புவா அத?"

புரொசசர் விசிறிக்குக் கீழே அலுமினியக் கட்டி ஒன்று இருக்கும். நான் மாமாவின் அறைக் கதவைத் தட்டினேன். தட்டியது போதாது என்று தள்ளித் திறந்தேன். அவர் தூங்கவில்லை. மேலே பார்த்தபடி படுத்திருந்தார்.

"அது என்னோட ஃபேன்தான மாமா?"

"மெதுவா பேசு."

"ஒரு மனுசன உள்ள வச்சிருக்காங்க. போய் ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க. வாங்க, போவோம்."

"வெளிய கேக்கும் புள்ள."

அந்த வீட்டில் யாரும் கத்தியதில்லை. நான் கத்தினேன். ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி, தமிழில், "கேக்கட்டும்" என்று கத்தினேன். அத்தை வாசலில் வந்து நின்றார். அவர் என் வாயைப் பொத்த வரவில்லை. உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது. "நட" என்றார்.

பழைய விசிறிகள் இரண்டையும் கழற்றி ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டேன். என் அடையாள அட்டை, கல்லூரி அட்டை, கணினி வாங்கிய ரசீது. போகும் வழியில் சொல்ல வேண்டியவற்றைச் சிங்களத்தில் வரிசைப்படுத்திக்கொண்டே நடந்தேன். என் சிங்களம் பரீட்சைச் சிங்களம். பாதித் தூரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா. ஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. எங்களைத் தாண்டி முன்னால் போனார்.

சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுத வேண்டும். அந்தச் சந்தோஷம் பொலிஸ் நிலையத்தின் மேசை வரைக்கும் இருந்தது.

சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். நான் பழைய விசிறியை மேசையில் வைத்து, அது என்ன செய்யும், எங்கே பொருந்தும் என்று சொன்னேன். அவர் அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய் மணம் ஏன் என்று கேட்டார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா பேச ஆரம்பித்தார். அப்படி ஒரு சிங்களத்தை நான் வானொலியில்தான் கேட்டிருக்கிறேன். மருமகளுடைய படிப்பு, கண்டிக் கடை, தன் கண் வருத்தம், எண்ணெய் விட்ட தன் முட்டாள்தனம் எல்லாவற்றையும் நகைச்சுவையாகச் சொன்னார். சார்ஜன்ட் சிரித்தார். பக்கத்திலிருந்த பொலிஸ்காரரும் சிரித்தார்.

"அப்ப இது அந்த ஆள் கைக்கு எப்படிப் போச்சு?" என்று சார்ஜன்ட் கேட்டார். "ஒரு வயசான மாத்தயா கொஞ்சம் பாத்துக்கச் சொல்லிக் கையில குடுத்திட்டு இறங்கிப் போனார்னு சொல்றான். பிடிச்சதிலிருந்து அதையேதான் சொல்றான்."

எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. பொதியை மாமா பஸ்ஸில் மறந்து விட்டிருப்பார், அல்லது பயந்து ஆசனத்துக்குக் கீழே போட்டிருப்பார் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். ஒரு மனிதரிடம், பார்த்துக்கொள் என்று கேட்டுக் கொடுத்திருக்கிறார். தூரத்தில் சாவடியின் வரிசை தெரிந்த பிறகு கொடுத்திருக்கிறார்.

"சிறுநீர் கழிக்க இறங்கினேன்" என்றார் மாமா. "பஸ் போய்விட்டது. வெறும் விசிறிதானே, பிறகு தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்."

அவர் இமைக்கவில்லை. பொய்க்குப் பழகியவர் போல இல்லை, உண்மையைப் போர்வையால் மூடிப் பழகியவர் போல.

அந்த மனிதரைக் கூட்டிவந்தார்கள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மாமாவைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேண்டியவர் ஒருவர் வந்துவிட்டதைப் போலத் தெளிந்தது.

"இவருதாங்க. இவரேதாங்க" என்றார். பிறகு மாமாவிடம் தமிழில் சொன்னார்: "ஐயா, நீங்க வருவீங்க வருவீங்கன்னு எட்டி எட்டிப் பாத்தேன். பஸ்ஸக்கூட கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லிக் கொண்டக்டர்கிட்ட கெஞ்சினேன். அவன் கேக்கல. செக் பொயின்ட்ல எல்லாரையும் எறக்குனாங்க, சாமான விட்டுட்டு எறங்க மனசு வரல, அதான் கையில எடுத்துக்கிட்டு எறங்குனேன்."

"சமாவென்ன மல்லி" என்றார் மாமா.

மன்னிப்புத்தான் கேட்டார். தம்பி என்றுதான் சொன்னார். தமிழில் பேசிய ஒரு தமிழருக்குச் சிங்களத்தில் பதில் சொன்னார், சார்ஜன்ட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அந்த மனிதருக்குச் சிங்களம் புரியாமல் இல்லை. அவருடைய முகத்தில் இருந்த தெளிவு போய்விட்டது. மாமாவை ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அது என்னாங்க சாமான், தங்கச்சி?" என்று கேட்டார்.

"கம்பியூட்டர்க்குக் காத்துப் போடுற ஃபேன், அண்ணே."

"காத்தா" என்றார். தலையை ஆட்டிக்கொண்டார்.

மாமாவிடம் வாக்குமூலம் எடுக்கவில்லை. நல்ல மனிதர், வயதானவர், போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதரைப் பற்றி அவர் பிறந்த தோட்டத்தில் விசாரிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மறுநாள் மாலைதான் விட்டார்கள். அவர் நாவுலயில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை ஏற்றுபவர். வெளிநாட்டு வேலைக்காக வைத்தியப் பரிசோதனை செய்துவிட்டுக் கண்டியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது நான் மாமாவிடம் கேட்டேன்: "உண்மைய ஏன் சொல்லல?"

"வெளிய வந்துருவான்தான? பெறகென்ன" என்றார். "எல்லாம் சத்தமில்லாம முடிஞ்சிச்சு."

அத்தை அன்று அவருக்குச் சோறு போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார். கரண்டி சட்டியில் படாமல் எடுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அவரிடம் கோபம் மட்டும்தான் என்றால் இதை எழுதவே வேண்டியதில்லை. அடுத்த நாள் காலை, நான் எழுந்தபோது என் மேசையில் வழக்கம்போல இஞ்சித் தேநீர் மூடி வைக்கப்பட்டிருந்தது. குடித்தேன். குடித்துவிட்டு அதற்காகவும் கோபப்பட்டேன்.

இப்போதைய நிலை இது. யுத்தம் முடிந்துவிட்டது. நானே கண்டிக்குப் போய் விசிறிகளை வாங்கி வந்து மாற்றினேன், டிப்ளோமாவை முடித்தேன், கொழும்பில் வேலை செய்கிறேன். அத்தையும் மாமாவும் அதே வீட்டில் இருக்கிறார்கள். பிடிபட்ட மனிதருக்கு வெளிநாடு போகப் பொலிஸ் அறிக்கை வேண்டும். ஒவ்வொரு முறை விண்ணப்பிக்கும்போதும், சந்தேகத்தில் தடுத்து வைக்கப்பட்டவர் என்று பதிவு இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். பொதி யாருடையது, அவர் கைக்கு எப்படி வந்தது என்று மாமா ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தால் உதவும் என்று, அவருக்காக நான் கேட்ட சட்டத்தரணி ஒருவர் சொன்னார். நான் அதைத் தட்டச்சு செய்து, அதை உறுதிப்படுத்தும் ஒரு சமாதான நீதவானிடம் நேரமும் கேட்டு வைத்து, மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னார். பார்ப்போம் என்றார். அந்த மனிதர் நாவுலயில் இன்னும் மூட்டை ஏற்றுகிறார். மாமா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.